முன்பக்க பார்க்கிங் சென்சார்: பீப் வரவில்லை என்றால் வழி காலி என்று பொருளல்ல

முன் பம்பரில் தெரியும் நான்கு சிறு வட்டங்களும் (சில கார்களில் ஆறு) காதைப் போல வேலை செய்பவை. ஒவ்வொன்றின் முகப்பிலும் மெல்லிய அலுமினியச் சவ்வு, அதன் பின்னால் ஒட்டிய பீசோ வில்லை. மின்துடிப்பு வந்ததும் வில்லை அதிர்ந்து, நம் காதுக்கு எட்டாத 40 முதல் 58 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை அனுப்பும். எதிரொலி வந்தால் அதே சவ்வு வாங்கிக்கொள்ளும். 20 டிகிரி வெப்பநிலையில் ஒலியின் வேகம் விநாடிக்கு 343 மீட்டர். 1 மீட்டர் தள்ளியிருக்கும் சுவரிலிருந்து எதிரொலி வர 5.8 மில்லிவிநாடி. இந்த நேரத்தைத்தான் கார் தூரமாகக் கணக்கிடுகிறது. எதிரொலி தராத பொருள் சென்சாருக்கு இல்லாத பொருள்.

அதனால்தான் அமைதியை நம்புவது முதல் தவறு. மெல்லிய கம்பி, வலைவேலி, சாய்ந்து நிற்கும் வழவழப்பான பலகை, ஒலியை உறிஞ்சும் தடித்த துணி இவையெல்லாம் போதிய எதிரொலி தருவதில்லை. ஒலிக்கற்றை பக்கவாட்டில் அகலமாகவும் மேல்கீழாகக் குறுகலாகவும் விரிவதால், தாழ்வான நடைபாதைக் கல் அதன் அடியில் மறைந்துவிடும். தூரத்தில் பீப் கேட்டு, நெருங்கியதும் நின்றுபோனால் தடை விலகிவிட்டதாக எண்ணாதீர்கள். நிறுத்தி, இறங்கிப் பாருங்கள்.

விடாமல் ஒலிக்கும் பீப் வந்த பிறகும் 'இன்னும் கொஞ்சம் இடமிருக்கிறது' என்று நகர்த்துவது அடுத்த தவறு. பல கார்களில் அந்த ஒலி சுமார் 30 சென்டிமீட்டரில் தொடங்கும். துடிப்பை அனுப்பியதும் சவ்வு சட்டென அடங்காது. தட்டிய மணி போலச் சிறிது நேரம் அதிரும். அதற்குள் திரும்பும் எதிரொலியைப் பிரித்தறிய முடியாது. மிக நெருக்கத்தில் சென்சார் தடுமாறுவது அதனால்தான்.

வேகமும் முக்கியம். மணிக்கு 10 கிலோமீட்டரில் 1 மீட்டரைக் கடக்க 0.36 விநாடி போதும். பீப் கேட்டு பிரேக்கை மிதிக்க அந்த நேரம் போதாது. 3 கிலோமீட்டரில் 1.2 விநாடி கிடைக்கும்.

கழுவும்போது உயர் அழுத்த நீர்க்குழாயைச் சென்சாருக்கு நேராக நெருக்கிப் பிடிக்காதீர்கள். குறைந்தது 30 சென்டிமீட்டர் தள்ளி, ஓரிரு விநாடிகள் போதும். சேறு காய்ந்திருந்தால் ஈரத் துணியால் ஊறவைத்துத் துடையுங்கள், சுரண்ட வேண்டாம்.

பம்பருக்குப் பெயிண்ட் அடிக்கும்போதும் சென்சார் கெடுவதுண்டு. சென்சாரைக் கழற்றாமல் அப்படியே அடித்தால், பெயிண்ட் சவ்வையும் பம்பரையும் ஒன்றாக ஒட்டிவிடும். பட்டியோ (பெயிண்டுக்கு முன் பள்ளம் நிரப்பும் பசை) தடித்த பூச்சோ ஏறினால் சவ்வின் எடை கூடி, இயல்பான அதிர்வெண் மாறும். எட்டும் தூரம் குறையும், அல்லது ஒன்றுமில்லாத இடத்தில் பீப் அடிக்கும். கழற்றி, தனியே, தயாரிப்பாளர் சொல்லும் தடிமனுக்குள் மெல்லியதாக அடிக்க வேண்டும். பழைய பூச்சின்மேல் இன்னொரு பூச்சு ஏற்றுவதைவிடப் புதிய சென்சார் வாங்குவது நல்லது.

திரும்பப் பொருத்தும்போது சவ்வைச் சுற்றியிருக்கும் சிலிக்கோன் வளையத்தைத் தொலைக்காதீர்கள். பம்பரின் அதிர்வு சவ்வுக்குத் தாவாமல் காப்பது அதுதான். சென்சார் 90 டிகிரி திரும்பியிருந்தால் கற்றையின் அகலமான பக்கம் தரையை நோக்கும், வெறும் சாலைக்கே பீப் வரும். கனெக்டர்கள் இடம் மாறினால் வலப்பக்கத் தடை திரையில் இடப்பக்கம் தெரியும். துருத்தி நிற்கும் நம்பர் பிளேட் சட்டம், கூடுதல் விளக்கு, முன்பக்கக் கம்பிக் காப்பு ஆகியவையும் கற்றைக்குள் வந்தால் தொல்லைதான்.

பழுது எதில் என்று அறிய, எஞ்சினை அணைத்து, கை பிரேக் போட்டு, இக்னிஷனை மட்டும் ஆன் செய்து, பார்க்கிங் சென்சார் பொத்தானை அழுத்துங்கள். சவ்வின் மேல் விரல்நுனியை மெல்ல வைத்தால் 'டிக் டிக்' என்ற துடிப்பு உணரப்படும். ஒரு சென்சார் துடிக்காவிட்டால் உடனே புதியது வாங்கி மாற்றிவிடாதீர்கள். பக்கத்துச் சென்சாரோடு இடம் மாற்றிப் பாருங்கள்: பழுது கூடவே நகர்ந்தால் சென்சார் கெட்டது, அங்கேயே நின்றால் கனெக்டரில் ஈரமோ துருவோ, வயரில் அறுபட்ட இடமோ இருக்கும்.