யாழ்ப்பாணக் கடைகளின் கிழமை வியாபாரத்தைக் கணக்கெடுப்பது எப்படி

அமெரிக்காவில் ரெட்புக் சுட்டெண் செவ்வாய்தோறும் வெளிவரும். பெரிய கடைகளின் ஒரு கிழமை விற்பனையைச் சென்ற ஆண்டின் அதே கிழமையோடு ஒப்பிடும் கணக்கு அது. மாதப் புள்ளிவிபரம் வருமுன்னே சனம் செலவழிக்கிறதா, கையை இறுக்குகிறதா என்று காட்டிவிடும். இருபது கடைகளும் ஒரு எக்ஸல் தாளும் இருந்தால் இங்கேயும் அதைப் போடலாம்.

திருநெல்வேலி, சுன்னாகம், நெல்லியடி, சாவகச்சேரி என்று பரவலாகக் கடைகளைத் தெரியுங்கள். பலசரக்கு, புடவை, ஹார்ட்வெயார், பார்மசி எல்லாம் கலந்திருக்கட்டும். கஸ்தூரியார் வீதி நகைக்கடைகளைச் சேர்க்க வேண்டாம். பவுன் விலை ஏறினால், விற்ற பவுன் குறைந்தாலும் தொகை கூடித் தெரியும்.

திங்கள் முதல் ஞாயிறு வரையான தொகையை ஞாயிறு இரவே வட்ஸ்அப்பில் வாங்குங்கள். வாய்க்கணக்கு கூடாது, பில் மெசினின் நாள்முடிவுச் சிட்டையைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கடன் கொப்பியில் எழுதிப் போன சாமானும் விற்பனைதான். சம்பளம் விழுந்தபின் வந்து கட்டும் பழைய கடன் விற்பனை அல்ல. கல்லாக் காசை எண்ணிச் சொல்லும் கடையில் இவை குழம்பி, சம்பளக் கிழமை பொய்யாக ஊதித் தெரியும்.

இரண்டு ஆண்டும் அந்தக் கிழமையில் திறந்திருந்த கடைகளை மட்டும் கூட்டுங்கள். அன்று 80 இலட்சம், இன்று 86 இலட்சம் என்றால் 7.5% கூடுதல். விலை 5% ஏறியிருந்தால் 1.075 ஐ 1.05 ஆல் வகுங்கள்: உண்மையான கூடுதல் 2.4% தான். விலை எவ்வளவு ஏறியது என்று பார்க்க, நாடு முழுவதன் விலைகளையும் கணக்கெடுக்கும் தேசிய நுகர்வோர் விலைச்சுட்டெண் நல்லது; கொழும்புச் சுட்டெண் முந்தி வரும், ஆனால் அது கொழும்பு விலை. இந்தப் படியை விட்டால் என்ன ஆகும்? 2022 செப்டெம்பரில் கொழும்புப் பணவீக்கம் 69.8%. அந்த மாதம் 50% கூட விற்ற கடை, சாமான் அளவில் ஏறக்குறைய 12% குறைவாகவே விற்றது.

யாழ்ப்பாணக் கணக்கை அதிகம் கெடுப்பது நல்லூர்த் திருவிழா. ஆடி அமாவாசையோடு அதுவும் நகரும்: கொடியேற்றம் 2024 இல் ஓகஸ்ட் 9, 2025 இல் ஜூலை 29. திகதிக்குத் திகதி வைத்தால் ஜூலைக் கடைசி பாய்ந்து ஏறும், ஓகஸ்ட் கடைசி விழும், இரண்டும் பொய். கொடியேற்றத்திலிருந்து எண்ணி, முதற் கிழமையை முதற் கிழமையோடு வையுங்கள். தீபாவளிக்கும் இப்படியே.

ஒரு கிழமை எண்ணை நம்பாதீர்கள், கார்த்திகை மழை ஒன்றே அதைக் கவிழ்க்கும். நாலு கிழமைச் சராசரியைப் பாருங்கள். பலசரக்கு அசையாமல் நிற்க, புடவையும் ஹார்ட்வெயாரும் இறங்கினால் சனம் வாங்குவதைத் தள்ளிப்போடுகிறது. பலசரக்கும் இறங்கி, கடன் கொப்பி நிலுவையும் ஏறினால் வீடுகளில் காசு முட்டு. அதனால் நிலுவைக்கும் தாளில் ஒரு நிரல் விடுங்கள்.