உதவி சாரண ஆசிரியராகப் போட்டிருக்கிறார்களா? இப்படித் தொடங்குங்கள்

வேலையை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: சாரண ஆசிரியரின் கண் நிகழ்ச்சியின் மேல் இருக்கும், உங்கள் கண் பிள்ளைகள் மேல் இருக்க வேண்டும். கொடியேற்றம், பிரார்த்தனை, அடுத்த விளையாட்டு என்று அவர் ஓட்டிக்கொண்டிருக்கும்போது, வரிசைக் கடைசியில் ஸ்கார்ஃபைத் திருகிக்கொண்டு நிற்கிற புதுப் பையன் அவர் பார்வைக்கு வரமாட்டான். நீங்கள்தான் பார்க்க வேண்டும். அதனால் முதல் மாதத்தில் வேறெதையும்விட எல்லோருடைய பெயரையும் மனப்பாடம் செய்யுங்கள்.

அடுத்தது அணிகள். ஓர் அணிக்கு 6 முதல் 8 பேர், அவர்களுக்கு ஓர் அணித் தலைவன். சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் 1907-ல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் நடத்திய முதல் முகாமிலேயே பையன்களை நான்கு அணிகளாகப் பிரித்துத்தான் விட்டார், இயக்கம் நிற்பதே இந்த ஏற்பாட்டின் மேல்தான். ஆனால் நம் பள்ளிகளில் அணித் தலைவன் பெரும்பாலும் அட்டென்டன்ஸ் எடுப்பதோடு சரி. இதை மாற்றுவது உங்கள் கையில் இருக்கிறது. முடிச்சு சொல்லிக்கொடுக்கும் நாளுக்கு முன்பே அணித் தலைவர்களை மட்டும் அரை மணி நேரம் உட்காரவைத்து, ஒரே பருமனுள்ள கயிறுகளுக்கு ரீஃப் நாட், பருமன் வேறுபட்டால் ஷீட் பெண்ட், கம்பத்தில் கட்டத் தொடங்க க்ளோவ் ஹிட்ச் என்று கையில் கயிறோடு பழக்கிவிடுங்கள், மறுநாள் அவர்களே தங்கள் அணிக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். தப்பாகப் போட்டால் உங்கள் கை பரபரக்கும், எனக்கும் அப்படித்தான் இருந்தது. கொஞ்சம் பொறுங்கள். பக்கத்தில் இருப்பவன் பார்த்துத் திருத்திவிடுவான், நீங்கள் பத்து முறை காட்டுவதைவிட அது அவனுக்கு நன்றாக மனதில் நிற்கும்.

முகாம் என்றால் உங்கள் வேலை இரட்டிப்பு. யாருக்கு வீசிங், யார் தினமும் மாத்திரை போடுகிறார்கள், எந்த உணவு யாருக்கு ஒத்துக்கொள்ளாது என்று பெற்றோரிடம் முன்பே கேட்டு எழுதி, அந்தத் தாளைச் சட்டைப்பையிலேயே வைத்திருங்கள். பஸ்ஸில் ஏறும்போதும் இறங்கும்போதும் தலையை எண்ணுங்கள். முதல் இரவு வீட்டு நினைப்பில் யாராவது அழுவார்கள், திட்டாமல் கூட்டிவந்து தண்ணீர் கொடுத்து, மற்றவர்கள் கண்ணில் படுகிற இடத்திலேயே உட்கார்ந்து பேசுங்கள்.

ஏன் அந்த இடம் என்றால், எந்தப் பிள்ளையோடும் மூடிய அறையிலோ கூடாரத்திலோ தனியாக இருக்கக் கூடாது. இதில் விதிவிலக்கே வேண்டாம். வாட்ஸ்அப்பிலும் பெற்றோரையும் சாரண ஆசிரியரையும் சேர்க்காமல் ஒரு பிள்ளைக்குத் தனியாகச் செய்தி அனுப்பாதீர்கள்.

சாரண ஆசிரியரோடு கருத்து வேறுபாடு வரும். பிள்ளைகள் முன்னால் பேசாமல் கூட்டம் கலைந்த பிறகு நேராகச் சொல்லிவிடுங்கள். வாராவாரம் கலைந்ததும் பத்து நிமிடம் உட்கார்ந்து, இன்று யார் வரவில்லை, யார் ஒதுங்கி நின்றான், அடுத்த வாரம் யார் என்ன கொண்டுவருவது என்று பேசிக்கொண்டாலே பாதிப் பிரச்சினை வராது. அவர் ஒரு நாள் வர முடியாமல் போனாலும் நீங்கள் திணறமாட்டீர்கள்.

அப்புறம், பாரத சாரண சாரணியர் இயக்கத்தின் அடிப்படைப் பயிற்சிக்கு வாய்ப்பு வந்ததும் தள்ளிப்போடாமல் போய்விடுங்கள். அங்கே நீங்களே ஓர் அணியில் ஒருவராகச் சமைத்து, கூடாரம் போட்டு, முடிச்சில் தடுமாறுவீர்கள். திரும்பி வந்து உங்கள் பிள்ளைகளோடு முதல் கூட்டத்தில் நிற்கும்போது அந்தத் தடுமாற்றம் கை கொடுக்கும்.