எலக்ட்ரான் கற்றையால் பாலிமரின் ஒளிர்வை மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பி3எச்டி போன்ற ஒளிரும் பாலிமரில் நானோ இழைகள் செய்து, அவற்றின் மேல் எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சினால், பட்ட இடத்தில் மட்டும் ஒளிர்வு மாறும். சங்கிலிகள் அறுபடும், பக்கத்துச் சங்கிலியோடு பிணையும். இரட்டைப் பிணைப்புத் தொடர் குறுகக் குறுக, ஒளிர்வு நீலப் பக்கம் நகரும். டோப் செய்த, அதாவது டோபன்ட் என்ற வேற்றுப் பொருள் சேர்த்த பாலிமரில், அந்த டோபன்ட் வெளியேறினால் மங்கியிருந்த ஒளிர்வு கூடவும் செய்யும்.

நான் அதிகம் அஞ்சும் தவறு, "இழை சரியா வந்திருக்கான்னு எஸ்இஎம்ல ஒரு தடவை பார்த்துடலாம்" என்பதுதான். எஸ்இஎம் என்ற எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பும் எலக்ட்ரான் கற்றையால்தான் படம் எடுக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 பிகோஆம்பியரில், பக்கத்துக்கு 10 மைக்ரான் உள்ள சதுரத்தை ஒரு நிமிடம் ஸ்கேன் செய்தால், சதுர சென்டிமீட்டருக்கு 6,000 மைக்ரோகூலோம் மின்னூட்டம் இறங்கிவிடுகிறது. எலக்ட்ரான் கற்றையால் வடிவம் எழுதப் பயன்படும் பிஎம்எம்ஏ ரெசிஸ்ட் என்ற பாலிமர் படலத்துக்கே பொதுவாகச் சில நூறு போதும்! ஃபோகஸ் சரிசெய்யும் நேரத்திலேயே சோதனை முடிந்துபோகிறது. அதன்பிறகு 'கதிர்வீச்சுக்கு முன்' என்று எடுக்கும் நிறமாலைக்கு அர்த்தமே இல்லை. முதலில் ஒளிர்வை அளந்துவிடுங்கள். இழைகளை ஆப்டிகல் மைக்ரோஸ்கோப்பில் தேடி, அடித்தளத்தில் பொறித்த குறிகளை வைத்து இடம் குறியுங்கள். ஃபோகஸை வேறொரு மூலையில் சரிசெய்யுங்கள்.

அடுத்தது, டோஸை (சதுர சென்டிமீட்டருக்கு இறங்கும் மின்னூட்டத்தை) மட்டும் எழுதிவிட்டு, எலக்ட்ரானை முடுக்கும் கிலோவோல்ட்டை விட்டுவிடுவது. 1 கிலோவோல்ட்டில் எலக்ட்ரான் பாலிமருக்குள் ஏறத்தாழ 70 நானோமீட்டர்தான் போகும். 5-இல் ஒரு மைக்ரான், 30-இல் 20 மைக்ரான் அளவுக்குப் போகும். 100 நானோமீட்டர் இழையை 30 கிலோவோல்ட் எலக்ட்ரான்கள் பெரும்பாலும் ஊடுருவிச் சென்றுவிடும். இழையில் தங்கும் ஆற்றல் குறைவு. அடியிலுள்ள சிலிக்கானிலிருந்து சிதறித் திரும்பும் எலக்ட்ரான்களோ சில மைக்ரான் தள்ளியிருக்கும் இழையையும் தாக்கும். ஒரே டோஸ் என்பதால் ஒரே மாற்றம் வராது. கற்றை மின்னோட்டத்தையும் திரையில் தெரியும் எண்ணை நம்பாமல் கற்றையை முழுதாகப் பிடித்து அளக்கும் ஃபாரடே கப்பில் அளக்க வேண்டும்.

லேசரும் சும்மா இருக்காது. காற்றில் வைத்து வலுவான லேசரில் அளந்தால் ஆக்சிஜன் சேர்ந்து ஒளிர்வைக் கொன்றுவிடும். அந்தப் பழி எலக்ட்ரான் மேல் விழும். நைட்ரஜனில், குறைந்த பவரில் அளங்கள். கற்றை படாத இழை ஒன்றையும் அதே லேசரில் அதே நேரம் வைத்துப் பாருங்கள்.

நிறம் மாறியதை மட்டும் வைத்து முடிவு கட்டவும் கூடாது. எஸ்இஎம் அறையில் மிஞ்சிய ஹைட்ரோகார்பன், கற்றை பட்ட இடத்தில் கரிப்படலமாகப் படியும். அதுவும் ஒளிரக்கூடும். இழையே இல்லாத வெற்று அடித்தளத்துக்கும் அதே டோஸ் கொடுத்து அளந்துவிட்டு, பிறகு பாலிமரைப் பற்றிப் பேசுங்கள்.