கொழும்பிலிருந்து கனடா செல்வோருக்கு: பனிச்சப்பாத்துடன் முதல் மலைநடை

மார்கழி விடுமுறையில் கனடாவிலுள்ள உறவினர் வீட்டுக்குச் செல்லும் கொழும்புவாசிகள், ஒரு நாளாவது பனியில் நடந்து மலைக்காட்சி ஒன்றைப் பார்க்க விரும்பினால், வன்கூவருக்கு வடக்கே சீமோர் மலையிலுள்ள டோக் மவுண்டன் பாதை தொடக்கநிலையினருக்கு ஏற்றது. போய்வர ஏறக்குறைய 5 கிலோமீற்றர். கடும் ஏற்றம் குறைவு. முடிவிலுள்ள பாறையிலிருந்து, வானம் தெளிவாக இருந்தால், வன்கூவர் நகரம் கீழே விரிந்து தெரியும். சீமோரின் உச்சியே 1,449 மீற்றர்தான். நமது நுவரெலியா நகரைவிடத் தாழ்வு. ஆயினும் வட அகலாங்கு 49 பாகையில், பசுபிக் கடலின் ஈரக்காற்று மோதும் இடத்தில் இருப்பதால், அங்கே பனி ஆளுயரத்துக்கு மேலும் குவியும்.

முதல் வேலை உடுப்பு. அதைக் கொழும்பிலேயே தொடங்கலாம். நம்மவர்கள் குளிருக்கு அஞ்சி, பருத்தி பெனியனுக்கு மேல் இரண்டு சுவெட்டரும் தடித்த ஜக்கெட்டும் மாட்டிக்கொண்டு புறப்படுவார்கள். சற்று நேரத்தில் வியர்த்துவிடும். அந்த ஈரத்தைப் பருத்தி பிடித்து வைத்திருந்து, காட்சிமுனையில் நின்றவுடன் உடற்சூட்டை இழுத்துவிடும். மலையில் நடுங்கவைப்பது பெரும்பாலும் வியர்வைதான். ஆகவே உடலோடு ஒட்டி பொலியெஸ்டர் அல்லது கம்பளி, அதன்மேல் ஃபிளீஸ், வெளியே காற்றும் ஈரமும் புகாத ஜக்கெட் என மூன்று அடுக்காக அணிந்து, புறப்படும்போது சற்றுக் குளிர்வதுபோல் இருந்தால் அதுவே சரியான அளவு என்று கொள்ளுங்கள். ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சிய ஆடைகள் நம் கடைகளில் மலிவாகக் கிடைக்கின்றன. வாங்குமுன் உட்புற லேபலைப் படித்து, கொட்டன் என்றிருந்தால் திரும்ப வைத்துவிடுங்கள்.

பனிச்சப்பாத்து என்பது, பனியில் கால் புதையாதிருக்க பூட்ஸின் அடியில் மாட்டும் அகன்ற சட்டம். அதை விலைக்கு வாங்க வேண்டியதில்லை, வாடகைக்கு எடுக்கலாம். உங்கள் எடையோடு முதுகுப்பையின் எடையையும் சேர்த்துச் சொன்னால் பொருத்தமான அளவைத் தருவார்கள். அகன்ற வட்டு பொருத்திய ஊன்றுகோல் இரண்டையும் கேட்டுப் பெறுங்கள்.

அடுத்தது மாட்டுதல். நீர் புகாத பூட்ஸின் முன்பாதம் சப்பாத்தின் கீல் மீது அமர வேண்டும். விரல்நுனி முன்னாலுள்ள துளைக்குள் தடையின்றி இறங்கி ஏற வேண்டும். முன்பட்டியை முதலில் இறுக்கி, பின்னர் குதிப்பட்டியை இறுக்குங்கள். கொக்கிகள் வெளிப்பக்கம் இருக்கட்டும். உட்பக்கம் இருந்தால் ஒன்றோடொன்று சிக்கும். நடக்கும்போது குதி தானாக எழும்ப வேண்டும், ஆதலால் அதைச் சப்பாத்தின் சட்டத்தோடு சேர்த்துக் கட்டிப்போட முயலாதீர்கள்.

நடையில் கால்களைச் சற்று அகட்டி வையுங்கள். பின்னோக்கி நடந்தால் வால்பகுதி பனியில் குத்தி விழுத்திவிடும். திரும்ப வேண்டுமானால் சிறு வட்டமடித்தே திரும்புங்கள். ஏற்றத்தில் விரற்பகுதியின் அடியிலுள்ள பற்கள் பனியில் பதியுமாறு ஊன்றியும், இறக்கத்தில் முழங்காலை மடித்து உடலைச் சற்றுத் தாழ்த்தியும் செல்லுங்கள்.

வழியில் வரும் சிற்றேரி பனி மூடி வெறுந்திடலாகத் தோன்றும். குறுக்குவழி தேடாமல் அடையாளமிட்ட தடத்திலேயே செல்லுங்கள். பெரிய மரங்களின் அடியில் பனி இளகிக் குழிவிழுந்திருக்கும், அருகே போகாதீர்கள். அன்று காலையில் அவலாஞ்ச் கனடா வெளியிடும் பனிச்சரிவு எதிர்வுகூறலைப் பார்ப்பதும், பாதை அமைந்துள்ள சீமோர் மலைப் பூங்காவுக்கு அனுமதிச்சீட்டு தேவையா என உறுதிசெய்வதும் கட்டாயம்.

கையடக்கத் தொலைபேசியை உட்பையில் வையுங்கள். குளிரில் மின்கலம் விரைவில் இறங்கும். பிளாஸ்கில் இஞ்சி போட்ட பிளேன்டீ இருந்தால் காட்சிமுனையில் அதன் அருமை தெரியும். மார்கழியில் அங்கே மாலை நாலேகாலுக்கே சூரியன் மறைந்துவிடும் என்பதால், முற்பகலில் ஏறி, இரண்டு மணிக்குள் வாகனத் தரிப்பிடத்துக்குத் திரும்பிவிடுங்கள்.