"பால் பத்தலை" என்று முடிவு கட்டும் முன்: தாய்ப்பால் கொடுப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் மூத்தவள் பிறந்து நான்காம் நாள் இரவு. மணி இரண்டு இருக்கும். மார்பில் வைத்தால் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டு வீறிட்டு அழுகிறாள். எனக்கோ மார்பு கல் மாதிரி இறுகிக் கிடக்கிறது. காம்பில் வெடிப்பு, துணி பட்டாலே கண்ணில் நீர் வருகிறது. அறையில் இருந்தவர்கள் எல்லாரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள்: "பால் பத்தலை." நானும் நம்பினேன். பால் கட்டி இறுகிப்போன மார்பை வைத்துக்கொண்டு, பாலே இல்லை என்று நம்பினேன்.

காலையில் வந்த நர்ஸ் எதுவும் சொல்வதற்கு முன்னால், நான் பால் கொடுப்பதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். குழந்தை மல்லாந்து படுத்தபடி கழுத்தை மட்டும் என் பக்கம் திருப்பிக் குடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. "நீங்க கழுத்தை ஒரு பக்கமாத் திருப்பி வச்சுக்கிட்டு ஒரு வாய் தண்ணி குடிங்க பார்ப்போம்" என்றார். குடித்துப் பார்த்தேன். விழுங்கவே சிரமமாக இருந்தது. அப்புறம் அவர் குழந்தையை முழுசாக என் பக்கம் திருப்பி, அதன் வயிறு என் வயிற்றோடு ஒட்டும்படி வைத்தார். இறுகியிருந்த மார்பிலிருந்து கையால் கொஞ்சம் பாலைப் பீய்ச்சி எடுத்து, காம்பைச் சுற்றி இளக வைத்தார். குழந்தை வாயைப் பெரிதாகத் திறந்த நொடியில் மார்போடு சேர்த்து அணைத்தார். முதல் தடவையாக அவள் விழுங்கும் சத்தம் எனக்குக் கேட்டது.

தாய்ப்பால் கொடுப்பதில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை, பால் போதவில்லை என்ற அந்த ஒரு பயத்திலிருந்து வருபவை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் மூன்று நாள்

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் குழந்தையை மார்பில் வைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சிசேரியன் ஆனாலும், அம்மாவும் குழந்தையும் நலமாக இருந்தால், அம்மா நினைவோடு இருக்கும்போதே கொடுக்கலாம். அப்போது வருவது சீம்பால். கெட்டியாக, மஞ்சளாக, அளவில் மிகக் கொஞ்சமாக இருக்கும். ஒரு வேளைக்குச் சில தேக்கரண்டிகூடத் தேறாது. இதைப் பார்த்துத்தான் பலரும் பயந்துவிடுகிறார்கள். ஆனால் முதல் நாள் குழந்தையின் வயிறு கொள்வதும் அவ்வளவுதான். சீம்பாலில் நோய் எதிர்ப்புப் புரதங்கள் நிறைந்திருக்கின்றன. பால் பெருகுவது பொதுவாக இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள். முதல் பிரசவத்தில் சற்றுத் தாமதமாகலாம்.

இந்த இடைவெளியில் சர்க்கரைத் தண்ணீர், தேன், பால் பவுடர் என்று எதையாவது கொடுப்பதுதான் முதல் தவறு. வயிறு நிரம்பிய குழந்தை மார்பைச் சப்பாது, சப்பாவிட்டால் பால் பெருகாது. தேன் விஷயத்தில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. அதில் இருக்கக்கூடிய ஒரு வகை பாக்டீரியா, ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு பாட்டுலிசம் என்ற கடுமையான நோயை உண்டாக்கலாம். ஒரு சொட்டு நாக்கில் தடவுவதும் வேண்டாம்.

வலியைப் பொறுத்துக்கொள்வது

"முதல்ல வலிக்கத்தான் செய்யும், பொறுத்துக்கோ" என்று எல்லா அம்மாக்களிடமும் சொல்லப்படுகிறது. ஆரம்ப நாட்களில் குழந்தை பிடித்த முதல் அரை நிமிடம் கூச்சமோ சுருக்கென்ற வலியோ இருப்பது சகஜம். பால் குடிக்கும் நேரம் முழுக்க வலித்தாலோ, காம்பு வெடித்து ரத்தம் வந்தாலோ அது சகஜமில்லை. குழந்தை காம்பை மட்டும் கவ்விச் சப்புகிறது என்று அர்த்தம்.

சரியாகப் பிடித்திருக்கிறதா என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். வாய் அகலமாகத் திறந்திருக்க வேண்டும். கீழுதடு வெளிப்பக்கமாக மடங்கியிருக்க வேண்டும். மோவாய் மார்பைத் தொட வேண்டும். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தில் மேல்பக்கம் கொஞ்சம் வெளியே தெரியலாம், கீழ்ப்பக்கம் பெரும்பாலும் வாய்க்குள் இருக்க வேண்டும். கன்னம் உப்பலாக இருக்க வேண்டும், குழிந்தால் பிடி சரியில்லை. வாயை எடுத்தபின் காம்பைப் பாருங்கள். உருண்டையாக இருந்தால் சரி. ஒரு பக்கம் சப்பையாக, லிப்ஸ்டிக் முனை மாதிரி சரிந்திருந்தால் குழந்தை அதை நசுக்கியிருக்கிறது.

பிடி தவறியிருந்தால் வெடுக்கென்று இழுக்காதீர்கள், வெடிப்பு அதில்தான் கூடும். சுத்தமான சுண்டு விரலைக் குழந்தையின் வாயோரத்தில் நுழைத்தால் பிடி விட்டுவிடும். மறுபடி வையுங்கள். ஒரு வேளைக்கு நாலு தடவை எடுத்து வைத்தாலும் பரவாயில்லை. மார்பைக் குழந்தையிடம் குனிந்து கொண்டுபோகாமல், குழந்தையை மார்புக்குக் கொண்டுவாருங்கள். முதுகுவலியில் பாதி இந்தக் குனிதலால் வருவது. தையல் இருப்பவர்கள் பக்கவாட்டில் படுத்தோ, குழந்தையை அக்குளுக்கடியில் இடுக்கியோ கொடுத்தால் வயிற்றில் அழுத்தம் விழாது. ஒவ்வொரு தடவையும் காம்பைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டாம், இயற்கையான எண்ணெய்ப்பசை போய்த் தோல் வறண்டுவிடும். இவ்வளவு செய்தும் வலி தீரவில்லை என்றால் குழந்தையின் நாக்குக்கு அடியில் இருக்கும் சவ்வு ஒட்டியிருக்கிறதா, பூஞ்சைத் தொற்று இருக்கிறதா என்று மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

தவறான அடையாளங்களை நம்புவது

மார்பு தளர்ந்துவிட்டது, பம்ப் வைத்தால் அரை அவுன்ஸ்தான் வருகிறது, சாயங்காலம் ஆனால் மணிக்கொரு தரம் கேட்கிறது, குடித்து முடித்ததும் அழுகிறது. பால் குறைந்துவிட்டதற்கு இவற்றையெல்லாம் ஆதாரமாகச் சொல்வார்கள். எதுவும் ஆதாரமில்லை. சில வாரங்கள் போனால் மார்பு தேவைக்கேற்பச் சுரக்கப் பழகிவிடும், அதனால் தளர்ந்து தெரியும். பம்புக்கு வருவதும் குழந்தைக்கு வருவதும் ஒன்றல்ல. சாயங்காலத்தில் தொடர்ந்து கேட்பதும், இரண்டு மூன்று வாரத்திலும் ஆறாவது வாரத்திலும் திடீரென்று பசி கூடுவதும் வளர்ச்சியின் பகுதி. மார்பின் அளவுக்கும் பாலுக்கும் சம்பந்தம் இல்லை.

பார்க்க வேண்டியது டயபரை. முதல் நாள் ஒரு தடவை, இரண்டாம் நாள் இரண்டு தடவை என்று சிறுநீர் கூடிக்கொண்டே போய், ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது நனைய வேண்டும். தார் மாதிரி கறுப்பாக இருந்த மலம் ஐந்தாம் நாள் வாக்கில் மஞ்சளாக மாற வேண்டும். இன்னொன்று எடை. முதல் சில நாட்களில் பிறந்த எடையில் 7 சதவீதம் வரை குறைவது சகஜம். 10 சதவீதத்தை நெருங்கினால் பால் கொடுக்கும் முறையை யாராவது தெரிந்தவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடை திரும்பிவிட்டால் நிம்மதியாக இருங்கள்.

டயபரைப் பார்க்காமல் பயந்து ஒரு புட்டி பவுடர் பால் கொடுத்தால் என்ன ஆகும்? குழந்தை நன்றாகத் தூங்கும், மார்பில் பால் தேங்கும். தேங்கிய பால் சுரப்பைக் குறைக்கச் சொல்லி மார்புக்குச் சேதி அனுப்பும், அடுத்த வேளை நிஜமாகவே குறையும். இன்னொரு புட்டி சேரும். இல்லாத பற்றாக்குறை இரண்டு வாரத்தில் உண்மையான பற்றாக்குறையாகிவிடும். எடுக்க எடுக்க ஊறுவதுதான் தாய்ப்பால்.

அதனால் கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்காதீர்கள். ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை கொடுக்க வேண்டியிருக்கும். குழந்தை வாயைத் தேடித் தேடித் திறப்பது, கையைச் சப்புவது, தலையை அங்குமிங்கும் திருப்புவது எல்லாம் பசியின் அடையாளங்கள். அழுகை கடைசி அடையாளம். அழுது களைத்த குழந்தைக்கு வாயைத் திறந்து பிடிக்கவே பொறுமை இருக்காது. இரவில் கொடுப்பதைத் தவிர்த்துத் தூங்க வேண்டும் என்று தோன்றும், அந்த ஆசை நியாயமானது. ஆனால் பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோன் இரவில்தான் அதிகம். முதல் சில வாரங்களுக்காவது இரவுப் பாலை விடாதீர்கள். பகலில் உங்களைத் தூங்க விடுவது வீட்டில் இருப்பவர்களின் வேலை. டயபர் மாற்றலாம், ஏப்பம் எடுக்க வைக்கலாம், உங்கள் பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீர் வைக்கலாம்.

ஆறு மாதம் வரை குழந்தைக்குத் தண்ணீர்கூட வேண்டாம். தாய்ப்பாலில் 87 சதவீதம் தண்ணீர்தான், வெயில் காலத்திலும் அது போதும். தாய்ப்பாலில் குறைவாக இருப்பது வைட்டமின் டி. அதற்கான சொட்டு மருந்தைக் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள்.

கட்டியும் காய்ச்சலும்

மார்பில் ஓரிடத்தில் கட்டி, சிவப்பு, தொட்டால் வலி, கூடவே குளிர்காய்ச்சல். இது வந்தவுடன் அந்தப் பக்கம் கொடுப்பதை நிறுத்திவிடுவார்கள். நிறுத்தக் கூடாது, அந்தப் பால் குழந்தைக்குக் கெடுதல் செய்யாது. வேறு சிலர், கட்டி கரையட்டும் என்று பலங்கொண்ட மட்டும் தேய்ப்பார்கள். உள்ளே வீங்கியிருக்கும் திசு இன்னும் நசுங்கி நிலைமை மோசமாகும். குளிர்ந்த ஒத்தடம், வழக்கம்போல் பால் கொடுப்பது, ஓய்வு, மருத்துவர் சொல்லும் வலி மாத்திரை போதும். ஒரு நாளுக்குள் காய்ச்சல் இறங்காவிட்டால் ஆன்டிபயாடிக் தேவைப்படலாம், காத்திருக்காமல் போங்கள். மருந்து சாப்பிடுவதால் பாலை நிறுத்த வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்காமல் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பெரும்பாலான மருந்துகளுக்கு நிறுத்தத் தேவையில்லை.

வேலைக்குத் திரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பீய்ச்சி எடுத்த பால் 25 டிகிரிக்கு மேற்படாத அறையில் 4 மணி நேரம், ஃபிரிட்ஜில் 4 நாள் தாங்கும். மைக்ரோவேவில் சூடாக்க வேண்டாம். வெந்நீரில் பாட்டிலை நிறுத்தி வைத்தால் போதும்.

இவ்வளவு பாடுபட வேண்டுமா என்று நடுராத்திரியில் தோன்றும். எனக்கும் தோன்றியது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு, நிமோனியா, காதுத் தொற்று குறைவு. அம்மாவுக்குப் பிரசவத்துக்குப் பின் கருப்பை சீக்கிரம் சுருங்கி ரத்தப்போக்கு குறைகிறது. 2002-இல் 30 நாடுகளின் 47 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்ததில், பால் கொடுக்கும் ஒவ்வொரு 12 மாதத்துக்கும் அம்மாவின் மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு 4.3 சதவீதம் குறைவது தெரிந்தது. இது குழந்தைக்காக மட்டும் செய்யும் தியாகம் இல்லை.

எல்லாம் சரியாகச் செய்தும் பால் உண்மையிலேயே போதாத அம்மாக்கள் இருக்கிறார்கள். தைராய்டு கோளாறு, மார்பில் முன்பு நடந்த அறுவை சிகிச்சை, நஞ்சுக்கொடியின் துண்டு உள்ளே தங்கிவிடுவது, பால் திசு சரியாக வளராதது என்று பல காரணங்கள். அது அவர்கள் தவறே இல்லை. அந்த நிலையில் மருத்துவர் சொல்லும் அளவுக்குப் பவுடர் பால் கொடுப்பதுதான் சரி, ஊறுகிற அளவுக்குத் தாய்ப்பாலும் கூடவே தொடரலாம். பச்சிளம் குழந்தை பாலுக்கு எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடந்தாலோ, ஐந்தாம் நாளுக்குப் பிறகும் சிறுநீர் குறைவாகவே போனாலோ, உடம்பின் மஞ்சள் கால் வரை இறங்கினாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்த நேரத்திலேயே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.