மெயின்ஃப்ரேம் செயலிகளுக்கு அஜைல் முறை: கருவிகளை எந்த வரிசையில் அமைப்பது

மெயின்ஃப்ரேம் என்ற பெருங்கணினிகளில் ஓடும் கோபால் (COBOL) மொழி நிரல்களைப் பராமரிக்கும் ஒரு குழு, வேலையைச் சிறு சுற்றுகளாகப் பிரித்துச் செய்யும் அஜைல் முறைக்கு மாறும்போது, பெரும்பாலும் முதலில் வந்து சேர்வது பணிகளைப் பதியும் கருவிதான். ஸ்பிரிண்ட் எனப்படும் இரண்டு வார வேலைச் சுற்று அறிவிக்கப்படுகிறது, தினசரிக் கூட்டமும் தவறாமல் நடக்கிறது. ஆனால் ஒரு வரியை மாற்றியவருக்கு அந்த மாற்றம் சரியா என்று தெரிய நாள்கணக்கில் ஆகுமானால், அந்த ஸ்பிரிண்ட் பெயரளவிலேயே நிற்கும். ஆகவே எந்தக் கருவியைப் பற்றிப் பேசுவதற்கு முன்பும், அண்மையில் முடிந்த சில மாற்றங்களை எடுத்துக்கொண்டு, நிரலாளர் எங்கெங்கே காத்திருந்தார் என்று குறித்துக்கொள்ளுங்கள். கம்பைலுக்கா (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றுவதற்கா), சோதனைத் தரவுக்கா, பொதுச் சோதனைச் சூழலுக்கா, வேறொருவர் பூட்டி வைத்திருந்த மெம்பருக்கா (நூலகத்தில் உள்ள நிரல் கோப்புக்கா) என்பது தெரிந்த பிறகுதான் எந்தக் கருவி தேவை என்பது தெளிவாகும்.

மூலநிரலை கிட் (Git) என்ற பதிப்பு மேலாண்மைக் கருவிக்குக் கொண்டுவருவதே அடித்தளம் என்பது என் உறுதியான கருத்து. எண்டெவர் போன்ற நூலக மேலாண்மைக் கருவிகளில் ஒரு மெம்பரை ஒருவர் எடுத்துக்கொண்டால் மற்றவர் காத்திருப்பதே பல இடங்களில் வழக்கம். கிட்டில் இருவரும் தனித்தனிக் கிளைகளில் வேலை செய்து, பின்னர் இணைத்துக்கொள்ளலாம். எனினும் இந்த இடமாற்றத்தை அவசரமாகச் செய்யக் கூடாது. மெயின்ஃப்ரேம் இயங்குதளமான இசட்/ஓஎஸ்ஸில் நிரல்கள் எப்சிடிக் என்ற எழுத்துக் குறியீட்டில் இருக்கின்றன. கிட் களஞ்சியத்தில் அவற்றை யுடிஎஃப்-8 வடிவில் வைப்பதே நடைமுறை. கிட்ஆட்ரிப்யூட்ஸ் கோப்பில் எந்த வகைக் கோப்புக்கு எந்தக் குறியீடு என்பதை முதல் கமிட்டுக்கு (களஞ்சியத்தில் பதிவதற்கு) முன்பே எழுதி வையுங்கள். பழைய நிரல்கள் சிலவற்றில், அச்சிட முடியாத பதினாறடிமான மதிப்புகள் மேற்கோள்குறிகளுக்குள் நேரடியாகவே புதைந்திருக்கும். அவற்றுள் ஒன்று வரிமுடிவுக் குறியாக இருந்துவிட்டால், குறியீடு மாறித் திரும்பி வரும்போது நிரலின் வரி இரண்டாக உடைந்துவிடும். அத்தகைய மெம்பர்களை முன்கூட்டியே தேடிப் பிடித்து, அந்த மதிப்புகளைக் கோபாலின் பதினாறடிமான எழுத்துவடிவில் மாற்றி எழுதிவிட்டு, அதன் பிறகே நகர்த்துங்கள்.

எடிட்டர் பற்றி நீண்ட விவாதம் தேவையில்லை. விஎஸ் கோடில் ஐபிஎம்மின் இசட் ஓப்பன் எடிட்டர் அல்லது பிராட்காமின் கோட்4இசட் நீட்சியைச் சேர்த்தால், பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் தரவு வரையறைக் கோப்பான காப்பிபுக்கில் உள்ள புலங்கள் வரை எடிட்டருக்குத் தெரியும். 2018இல் ஓப்பன் மெயின்ஃப்ரேம் புராஜெக்டின் கீழ் தொடங்கிய ஸோவி என்ற கருவித்தொகுப்பு, டேட்டாசெட்டுகளை (மெயின்ஃப்ரேம் கோப்புகளை) திறக்கவும், ஜாப்களை ஓட்டச் சொல்லும் ஜேசிஎல்லைச் சமர்ப்பிக்கவும், ஜாப் வெளியீட்டைப் படிக்கவும் கட்டளைவரியிலிருந்தே வழி தருகிறது. மெயின்ஃப்ரேமின் பழைய எழுத்துத் திரையான பச்சைத் திரையில் பழகியவர்களை அதிலிருந்து வற்புறுத்தி விலக்க வேண்டாம். இரண்டு வழிகளும் சில காலம் ஒன்றாக இயங்கலாம். ஆனால் மூலநிரலின் அதிகாரபூர்வப் பிரதி கிட்டில் மட்டுமே இருக்க வேண்டும் என்பதில் தளர்வு கூடாது.

அடுத்தது பில்ட், அதாவது மூலநிரலிலிருந்து இயங்கும் நிரலை உருவாக்கும் வேலை. ஒரு காப்பிபுக்கில் ஒரு புலத்தின் நீளம் மாறினால், அதைச் சேர்த்துக்கொள்ளும் எல்லா நிரல்களையும் மீண்டும் கம்பைல் செய்ய வேண்டும். ஒன்று விடுபட்டாலும் அந்த நிரல் தரவைத் தவறான இடத்திலிருந்து படிக்கும். ஐபிஎம்மின் டிபென்டன்சி பேஸ்டு பில்ட் என்ற கருவி மூலநிரலை அலசி, எது எதைச் சார்ந்திருக்கிறது என்று பதிந்து வைத்து, மாற்றத்தால் பாதிக்கப்பட்டவற்றை மட்டும் கம்பைல் செய்கிறது. இதை ஜென்கின்ஸ் போன்ற தானியக்கக் கருவியுடன் இணைத்து, ஒவ்வொரு புஷ்ஷுக்கும் (மாற்றங்களைக் களஞ்சியத்துக்கு அனுப்பும் ஒவ்வொரு முறையும்) பில்ட் தானாக ஓடும்படி அமையுங்கள். முழு அமைப்பையும் ஒரே நேரத்தில் மாற்ற முயலாமல், எல்லைகள் தெளிவாக உள்ள ஒரு செயலியை மட்டும் எடுத்துத் தொடங்குவது நல்லது.

பில்ட் விரைவாக முடிந்தும் சோதனை கையால் நடந்தால் பயன் பாதிதான். ஐபிஎம்மின் இசட்யூனிட், திறமூலக் கருவியான கோபால் செக் போன்றவை ஒரு நிரலையோ அதில் பெயரிட்ட ஒரு பகுதியான பத்தியையோ தனித்துச் சோதிக்க உதவுகின்றன. பரிவர்த்தனை அமைப்பான சிஐசிஎஸ், தரவுத்தளமான டிபி2 ஆகியவற்றுக்கான அழைப்புகளுக்குப் பதிலாகப் போலி விடைகளை வைத்துச் சோதிக்க முடிந்தால், பொதுச் சூழல் காலியாகும் வரை காத்திருக்க வேண்டிய நிலை பெருமளவு நீங்கும். ஏற்கெனவே உள்ள எல்லா நிரல்களுக்கும் சோதனை எழுதக் கிளம்பாதீர்கள். இந்த ஸ்பிரிண்டில் கைவைக்கும் பத்திகளுக்கு மட்டும் எழுதுங்கள். எண்புலத்தில் வெற்றிடம் வந்தால் என்ன ஆகும் என்ற சோதனை கட்டாயம் இருக்கட்டும், ஏனெனில் நள்ளிரவில் ஓடும் பேட்ச் (தொகுதி வேலை), எண்ணாக ஏற்க முடியாத தரவைக் குறிக்கும் எஸ்0சி7 பிழையோடு நிற்பதற்கு அத்தகைய தரவு ஒரு வழக்கமான காரணம். உற்பத்தித் தரவை நகலெடுத்துப் பயன்படுத்துவதானால் அடையாளங்களை மறைத்தே ஆக வேண்டும். அப்போது ஒரே கணக்கு எண் விசாம் கோப்பிலும் டிபி2 அட்டவணையிலும் ஒரே மாற்று எண்ணைப் பெறுகிறதா என்று பாருங்கள். இல்லையேல் அந்தத் தரவு சோதனைக்கு உதவாது.

வெளியீட்டில் கவனிக்க வேண்டியது, லோடு மாட்யூலும் (இயங்கத் தயாரான நிரலும்) டிபிஆர்எம்மும் (அதன் டிபி2 கட்டளைகளைக் கொண்ட கோப்பும்) ஒரே பில்டிலிருந்து சேர்ந்தே பயணிக்க வேண்டும் என்பது. இரண்டும் வெவ்வேறு பில்டிலிருந்து வந்தால் டிபி2 நேரக்குறி பொருந்தவில்லை என்று -818 பிழையைத் தரும். வாசி டிப்ளாய் போன்ற கருவியில் கோப்புகளை நகலெடுப்பது, டிபிஆர்எம்மை டிபி2 பேக்கேஜாக மாற்றும் பைண்ட் செய்வது, சிஐசிஎஸ்ஸில் புதிய பிரதியை ஏற்றும் நியூகாப்பி கொடுப்பது ஆகிய படிகளை ஒரே தொடராக எழுதி, சோதனைச் சூழலுக்கும் உற்பத்திக்கும் அதே தொடரைப் பயன்படுத்துங்கள். பழைய பதிப்புக்குத் திரும்பும் தொடரையும் அப்போதே எழுதி, ஒவ்வொரு ஸ்பிரிண்டிலும் சோதனைச் சூழலில் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். மாட்யூலை மட்டும் திருப்பி வைத்துவிட்டு, அதற்குரிய டிபி2 பேக்கேஜைப் பழைய நிலைக்குக் கொண்டுவர மறந்த தொடர்கள் இந்த ஒத்திகையில்தான் வெளிப்படும்.