உசாமாவின் போர்க்கால நினைவுகளை வாசிப்பது எப்படி?

நாகூரிலோ தஞ்சையிலோ வாசிப்பு வட்டம் நடத்துவோர் சிலுவைப் போர்க்காலத்தைப் பேச எடுத்துக்கொண்டால், சிரியாவின் ஷைசர் கோட்டையில் 1095இல் பிறந்த உசாமா இப்னு முன்கித் முதுமையில் சொல்லி எழுதுவித்த ‘கிதாபுல் இஃதிபார்’ நூலிலிருந்து தொடங்கலாம். கிடைத்துள்ள கைப்பிரதியில் முதல் ஏடுகள் இல்லை. நூலும் கால வரிசையில் செல்வதில்லை. ஆகவே பரங்கியரைப் (ஐரோப்பாவிலிருந்து வந்த சிலுவைப் போர்க்காரரை) பற்றிய பகுதியை முதலில் எடுத்தால் குறையொன்றுமில்லை.

வாசிக்கும்போது ஒவ்வொரு நிகழ்ச்சியையும் அவர் கண்டாரா, கேட்டாரா என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். காலில் கட்டி வந்த வீரனின் காலைப் பரங்கி வைத்தியர் கோடரியால் வெட்டச் செய்து அவனைக் கொன்ற கதையைப் பலரும் எடுத்துக்காட்டுவர். அது தாபித் என்னும் உள்நாட்டுக் கிறிஸ்தவ வைத்தியர் சொல்ல உசாமா கேட்டது. அதற்கடுத்தே, குதிரை உதைத்துப் புண்ணான காலைக் காடியால் கழுவிக் குணப்படுத்திய இன்னொரு பரங்கி வைத்தியரையும் அவர் சொல்கிறார். முதற்கதையோடு நிறுத்துபவர் உசாமாவை வாசிக்கவில்லை, தம் விருப்பத்தையே வாசிக்கிறார் என்பேன்.

ஜெரூசலத்தில் நடந்ததோ அவரே பட்டது. அக்ஸா பள்ளிவாசலை ஒட்டிய சிறு தொழுகையிடத்தில் அவர் தொழுதபோது, புதிதாக வந்த பரங்கியன் ஒருவன் அவர் முகத்தைக் கிறிஸ்தவர் தொழும் திசையான கிழக்கே திருப்பி, இப்படித் தொழு என்றான். உசாமாவின் நண்பர்களான டெம்ப்ளர் என்னும் கிறிஸ்தவத் துறவுப் படையின் வீரர்களே அவனை வெளியேற்றி மன்னிப்புக் கேட்டனர். வந்து பழகியவர், புதிதாய் வந்தவர் என்று அவர் பிரிப்பதை நூல் முழுவதும் தேடிப் பாருங்கள்.

பரங்கியரை அவர் அடிக்கடி சபிப்பதை அக்கால எழுத்து வழக்கென்று கொள்ளலாம். வெறும் சம்பிரதாயம் என்று தள்ளிவிடவும் கூடாது. எகிப்திலிருந்து தம் குடும்பம் வந்த கப்பலை, பாதுகாப்பு உறுதி இருந்தும், அக்கா (ஏக்கர்) என்னும் துறைமுக நகருக்கருகே பரங்கியர் கொள்ளையிட்டதில் அவர் 4,000 நூல்களை இழந்தார்.

இந்தப் பயிற்சி கைவந்த பின், 1781இல் ஹைதர் அலியின் படை தஞ்சை நாட்டைச் சூறையாடிய காலத்து எழுத்துகளை எடுக்கலாம். அதற்கு ஈராண்டு முன்னர் ஆங்கிலேயரின் சென்னை அரசின் தூதராக ஸ்ரீரங்கப்பட்டணம் சென்று ஹைதரைச் சந்தித்த தஞ்சையில் பணிசெய்த ஜெர்மானியப் பாதிரியார் சுவார்ட்ஸின் குறிப்புகளில், கண்டது கேட்டது என்பதோடு, அவர் யார் வாசிப்பதற்காக எழுதினார் என்பதையும் ஓரத்தில் குறிக்க வேண்டும்.